எலுமிச்சம்பழமும் சவரி டாக்டரின் வாளும்

சவரி டாக்டர் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கண்ணப்பன். என்னோடு ஸ்டேஷனில் வேலை பார்த்த பழைய ஹெட் கான்ஸ்டபிள். முதலியார்பேட்டையில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, "இன்னா ரைட்டரே, சேதி தெரியுமா? நம்ம பல் டாக்டரு போய்ட்டாரு. காலைல காப்பி குடிச்சிட்டு ஈசிசேர்ல சாஞ்சவரு, அப்படியே அடங்கிட்டாராம்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தேன். மாதா கோயில் வரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணப்பன் வாயை மூடிக்கொண்டு வந்தால் அது சாதாரணத் துக்கம் இல்லை.

அடக்கத்துக்கு வந்திருந்த கூட்டத்தைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. இந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் வாயைத் திறந்து காட்டியவர்கள். ஆனால் பல் பிடுங்கிய வலியோடு வீடு திரும்பிய உங்களில் எத்தனை பேர் அந்த அறையின் சுவரை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள்? அந்தச் சுவர் முழுக்க வாளும் கத்தியும்தான். வேறு எந்த டாக்டராவது பல் பிடுங்கும் அறையில் அப்படி மாட்டியிருந்தால் நோயாளி ஓடியே போயிருப்பான். சவரி டாக்டரிடம் மட்டும் யாரும் ஓடவில்லை. அவ்வளவு மெல்லிய குரல் அவருக்கு.

அவை அவரிடம் வந்து சேர்ந்த விதத்தை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பார்த்துவிட்டு சைகோனிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் திரும்பிய சொல்தாக்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய சீருடைக்குக் கீழே, ஏதாவது ஒரு கத்தி கிடக்கும். பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள், அல்லது தேங்காய் உடைப்பார்கள். பல்வலியோடு வந்த சொல்தா சுவரைப் பார்ப்பார். "முசியே, எங்கிட்டகூட ஒண்ணு கெடக்குது" என்பார். அடுத்த முறை வரும்போது துணியில் சுற்றி எடுத்து வருவார்.

நான் அவரை அறிந்தது பல் வலியால் அல்ல. எழுபதுகளின் கடைசியில் டவுனில் இரண்டு கோஷ்டிகளுக்குள் வெட்டுக்குத்து நடந்தது. லைசென்ஸ் இல்லாத ஆயுதம் எங்கே இருந்தாலும் பறிமுதல் செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அந்த வாரம் பார்த்து எங்கள் இன்ஸ்பெக்டருக்குக் கடைவாய்ப் பல் வலி. டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தவர் கண் சுவருக்குப் போயிற்று. முதல் நாள் அவர் பல்லை டாக்டர் பிடுங்கினார். மறுநாள் டாக்டரின் வாள்களை நாங்கள் பிடுங்கினோம்.

ஸ்டேஷன் ரைட்டர் என்ற முறையில் பறிமுதல் மகஜர் எழுதியவன் நான். எங்கள் வழக்கப்படி 'வளைந்த கத்தி ஒன்று, பழையது. நேர்க் கத்தி ஒன்று, துருப்பிடித்தது' என்று எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் எட்டிப் பார்த்தார். "ரைட்டர், கோவிச்சுக்காதீங்க. ஆளைக் கைது பண்ணா பேரு கேப்பீங்க இல்ல? இதுங்களுக்கும் பேரு இருக்குது" என்றார். ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி ஊரையும் பேரையும் சொன்னார். நெளிநெளியாக இருந்தது மலாய் நாட்டுக் கிரிஸ். முன்பக்கமாக வளைந்தது துருக்கியரின் யதகான். குறுக்குப் பிடியோடு இருந்தது நம் நாட்டுக் கட்டாரி. மொராக்கோக்காரன் தோளிலிருந்து தொங்கவிட்டுக்கொள்வது குமியா. பாதிப் பெயர்கள் எனக்கு வாயிலேயே நுழையவில்லை.

அந்தக் கட்டாரியை என் பக்கம் திருப்பி, "இத வச்சிருந்தவன் இடக்கைக்காரன்" என்றார். போலீஸ்காரனிடம் போய் இப்படிச் சொல்லலாமா? "அவன் அப்பன் பேரும் சொல்லுங்க டாக்டர், எழுதிக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டாரியை மேஜைமேல் வைத்தார். எந்தக் கத்தியையும் கைக்குக் கை கொடுக்கமாட்டார். கொடுத்தால் சண்டை வரும் என்று நம்மவர்கள் சொல்வதை அவரும் விடவில்லை. நான் எடுத்து வலது கையில் பிடித்தேன். உள்ளங்கையில் உறுத்தியது. இடது கைக்கு மாற்றினேன். பிடியில் தேய்ந்திருந்த பள்ளங்களில் என் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. யாரோ ஒருவன், எந்தக் காலத்திலோ செத்தவன், எனக்குக் கை கொடுத்த மாதிரி இருந்தது. அதற்குப்பின் கேலி வரவில்லை.

"மொதல்ல பிடியப் பாக்கணும், ரைட்டர். அலகு, செஞ்சவனப் பத்திச் சொல்லும். பிடிதான் வச்சிருந்தவனப் பத்திச் சொல்லும்" என்றார். கடைசியாக ஒரு வாள் மிஞ்சியது. பித்தளைப் பிடி, பிரெஞ்சுக் குதிரைப்படைக்காரனுடையது. அலகு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "இது ஒண்ணும் இல்ல. ஃபேக்டரி சரக்கு. ஒரு சொல்தா செங்கல் பொடி போட்டுத் தேச்சுத் தேச்சு வச்சிருந்தாரு. சும்மா மாட்டி வச்சேன்." நான் அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

சாமான்கள் ஸ்டேஷனின் பின்னறைக்குப் போயின. கடற்காற்று நம் ஊரில் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். இரும்புக்கு அந்த அறை சுடுகாடு. மழைக்காலம் வருவதற்குள் டாக்டர் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றார். வாள்களைத் திருப்பிக் கேட்கவில்லை. "கேஸ் முடியறவரைக்கும் வாரம் ஒரு தடவ வந்து எண்ணெ போட்டுட்டுப் போறேன். ரைட்டர் பக்கத்துலயே நிக்கட்டும்" என்றார். இன்ஸ்பெக்டருக்கு இன்னொரு பல்லும் ஆடிக்கொண்டிருந்ததோ என்னவோ, சரி என்றார்.

வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகலில் வருவார். தையல் மிஷின் எண்ணெயில் கிராம்புத் தைலம் சில சொட்டு விட்டிருப்பார். "ஜப்பான்காரன் வாளுக்கு இதத்தான் பூசுறான். நான் உங்க சொத்தப் பல்லுக்கும் இதத்தானே வைக்கிறேன்" என்பார். மழையானாலும் வெயிலானாலும் அவர் தவறியதில்லை. சொந்தப் பொருளைப் பறித்து வைத்திருக்கும் இடத்துக்கே வந்து, பறித்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கைக்குட்டை விரித்துத் தரையில் உட்கார்ந்து துடைப்பார். அப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கண்ணப்பன்கூட அந்த நேரத்தில் குரலைத் தணித்துத்தான் பேசுவார். வழக்கோ வாய்தா வாய்தாவாக நகர்ந்தது.

ஒரு வருடம் ஆயுதபூஜை வியாழக்கிழமை வந்தது. ஸ்டேஷனில் துப்பாக்கிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும் கண்ணப்பனுக்கு ஞானோதயம். "இதுங்களும் ஆயுதந்தானே ரைட்டரே? பாவம், அனாதயா கெடக்குதுங்க" என்று பின்னறையைத் திறந்துவிட்டார். சந்தனம் ஒட்டவேண்டும் என்று டாக்டர் பூசிய எண்ணெயை வழித்துத் துடைத்தார். வாள்களைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, முனைக்கு முனை எலுமிச்சம்பழம் குத்தினார். மறுநாள் டாக்டர் வரும் கிழமை என்பது எனக்கு இரவுச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் கதவருகில் நின்று பார்த்தார். முகம் வெளுத்தது. கண்ணப்பன், "சாமிக்குத்தான் டாக்டர்..." என்று இழுத்தார். டாக்டர் பழங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பித்தளைப் பிடி வாளிடம் வந்ததும் அவர் கை நின்றது. முனையிலிருந்து சாறு வழிந்த இடமெல்லாம் அலகு கறுத்திருந்தது. அதை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நெடுநேரம் திரும்பவில்லை.

"ரைட்டர், இங்க வாங்க" என்றார். சாறு ஓடிய தடத்துக்குள் வெள்ளியும் கறுப்புமாக மெல்லிய கோடுகள். அலை இறங்கிய பிறகு நம் கடற்கரை மணலில் கிடக்குமே, அந்த நெளிவு. யாரும் செதுக்கியதல்ல; இரும்புக்குள்ளிருந்து மேலே வந்தது.

"இது உருக்கு. நம்ம பக்கத்து மண்ணுல, மூசைன்னு சொல்ற மண் குடுவையில வச்சு உருக்கின இரும்பு. இதுக்காக அரபு தேசத்துலேர்ந்து கப்பல் வந்துச்சு. எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன் இதுக்குத் தன் பிடியப் போட்டுக்கிட்டான். நான் பிடியப் பாத்துட்டு ஏமாந்துட்டேன்" என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மலாய்க்காரன் கிரிஸுக்கு எலுமிச்சச் சாறு போட்டுத்தான் ரேகய எழுப்புவான். அது எனக்குத் தெரியும். எங்க ஊட்டு வாளுக்குப் போட்டுப் பாக்கத் தோணல பாருங்க. மெர்சி, கண்ணப்பன்!" திட்டு வாங்கக் காத்திருந்த கண்ணப்பன் விழித்த விழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வழக்கு ஒருவழியாக விசாரணைக்கு வந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. இவை ஆயுதமல்ல, அரும்பொருள் என்பதுதான் டாக்டர் தரப்பு. அதற்குப் பெரிய சாட்சி அவருடைய வாய்ச்சொல்லே. சிலவற்றுக்கு மட்டும், கொடுத்த சொல்தாக்கள் உயிரோடு இருந்து சாட்சி சொன்னார்கள். பித்தளைப் பிடி வாளை வெறும் ஃபேக்டரி சரக்கு என்று அவரே கையெழுத்திட்டிருந்ததால், அதை மட்டும் உடைத்துப் போடக் கேட்டார் அரசு வக்கீல். டாக்டரின் வக்கீல் வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது ஒண்ணு போனாப் போவுது, விட்டுடுங்க. ஒரு எடத்துல தப்பு பண்ணேன்னு நீங்களே சொன்னா, மத்ததெல்லாம் எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க. மொத்தமும் போயிடும்." சாட்சி சொல்ல வந்திருந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். வக்கீல் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

டாக்டர் கூண்டில் ஏறினார். அந்த வாளைக் காட்டிக் கேட்டதும், "அது நம்ம நாட்டு உருக்கு வாள். அத உடைக்கக்கூடாது. மகஜர்ல நான் சொன்னது தப்பு" என்றார்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்போ மத்ததுக்குச் சொன்னதும் தப்பா இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்" என்றார் டாக்டர்.

அவருடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த வாளுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். "ஒரு எலுமிச்சம்பழம் வேணுங்க ஐயா" என்றார் டாக்டர். கோர்ட்டே சிரித்தது. டவாலி வாசலில் இருந்த சோடாக் கடைக்கு ஓடினார். கண்ணப்பன் குத்திய பழத்தின் சாறு ஓடாத பக்கத்தைத் திருப்பி, எண்ணெயைத் துடைத்து, பாதிப் பழத்தால் தேய்த்துவிட்டு டாக்டர் காத்திருந்தார். மாஜிஸ்திரேட் நடுவில் வேறொரு வழக்குக்கு வாய்தா கொடுத்தார். பிறகு டாக்டர் தண்ணீர் விட்டு அலசி, வாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். சிரித்த கூட்டம் எழுந்து நின்றது. மாஜிஸ்திரேட் ஆசனத்தை விட்டு இறங்கி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அந்த அலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உருக்கு வாள் பிழைத்தது. சொல்தாக்கள் சாட்சி சொன்னவையும் திரும்பக் கிடைத்தன. டாக்டரின் வாக்கு ஒன்றையே நம்பியிருந்த கிரிஸும் குமியாவும் அரசாங்கத்துக்குப் போய்விட்டன. கிரிஸ் அவர் சேர்த்தவற்றில் முதலாவது, அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அவர் சுவருக்கே திரும்பியிருக்கும் என்று அவருடைய வக்கீல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் நான் கேட்டேன். "போவட்டும் ரைட்டர். அவங்க ஒழுங்கா எண்ணெ போட்டாச் சரி" என்றார். கண் கலங்கித்தான் இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை.

உத்தியோகக் காலம் முழுவதும் அந்தக் கூண்டில் ஏறி இறங்கியவர்களைப் பார்த்தவன் நான். பார்க்காததைப் பார்த்தேன் என்றவர்கள் உண்டு, பார்த்ததை இல்லை என்றவர்கள் உண்டு. ஏறினவர்கள் அத்தனை பேரும் தாங்கள் சொன்னதே சரி என்று சாதிக்க ஏறினவர்கள். சவரி டாக்டர் ஒருவர்தான் தன் தப்பைத் தானே வலியச் சொன்னார். 'நான் சொன்னது தப்பு' என்ற அந்த மூன்று வார்த்தைகளைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அன்று அதைச் சொன்னபோது இழப்பதற்கு டாக்டருக்கு ஒரு சுவர் நிறைய இருந்தது. எனக்கு இழக்க ஒன்றுமே இல்லை. அப்படியும் அதைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.