பத்து மூட்டை என்று சொல்லிவிட்டேன்

எங்கள் கரும்புக் கொல்லைக்குப் போக ஒரு வாய்க்கால் கரையைக் குறுக்கே ஏறி இறங்க வேண்டும். போன மழையில் என் பழைய ஜீப்பின் முன்சக்கரங்கள் கரையைத் தாண்டின, பின்சக்கரங்கள் ஏறவில்லை. வண்டியின் வயிறு கரகரவென்று உரசி, கரைமேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. மனைவியின் தம்பிதான் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தான். அன்றிலிருந்து பண்டசோழநல்லூரில் என்னை எங்கே பார்த்தாலும் அவனுக்கு ஒரே கேள்வி.

“மாமா, கயிறு எடுத்தாரட்டா?”

அடுத்த மழைக்குக் கயிறு இல்லாமல் அந்தக் கரையைத் தாண்டியே ஆக வேண்டும். வேறு நினைப்பே இல்லை எனக்கு.

திருபுவனையில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை போடும் பட்டறைக்குப் போனோம். மனைவி பக்கத்துக் கடைக்குப் பூ வாங்கப் போய்விட்டாள். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, வளைவு செத்துத் தட்டையாகிக் கிடந்த பட்டைகளைத் தட்டிக் காட்டினார்.

“வளைவு ஏத்திப் போட்டாலே மூணு விரல் தூக்கும்பா. மேல பட்டை சேக்கறது நீ ஏத்தற லோடைப் பொறுத்தது. எவ்ளோ ஏத்துவ?”

நான் ஏற்றுவது இரண்டு மூட்டை உரமும் மனைவியும்தான். ஆனால் எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கணக்கு என்றாலே எனக்குப் பயம். குறைத்துச் சொல்லி, வண்டி மறுபடியும் உட்கார்ந்துவிட்டால்?

“பத்து மூட்டை” என்றேன்.

பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, பின்னால் பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்து மாட்டி, ஜாக்கியை இறக்கினார். அடேயப்பா! வண்டி ஐந்து விரல் உயர்ந்துவிட்டது. கைலியை மடித்துக் கட்டினால்தான் ஏற முடிந்தது. பூவோடு வந்த மனைவியை ஏற்றிக்கொண்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். ரோட்டில் போகிற எல்லாரும் என் வண்டியையே பார்ப்பது போல இருந்தது.

முதல் வேகத்தடையிலேயே ஜீப் துள்ளியது. மனைவியின் தலை மேல்கம்பியில் இடித்தது.

“அந்த ஆளாண்ட இன்னா சொன்னீங்க?”

“பத்து மூட்டைன்னு... ஒரு பாதுகாப்புக்கு.”

“அப்ப மீதி எட்டு மூட்டையையும் மடியில வச்சிக்கினு ஓட்டுங்க!”

திரும்பிப் போனோம். மேஸ்திரி சிரித்துவிட்டார். “பட்டை அமுங்கணும்பா. அமுங்கலைன்னா கரையில ஒரு சக்கரம் ஆகாசத்துல தொங்கும், இன்னொண்ணு சேத்துல சுத்தும்.” பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கழற்றினார். வண்டி ஒரு விரல் இறங்கியது. வீடு வரைக்கும் அந்த ஒரு விரல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், இரண்டு மூட்டை உரத்தோடு கரைக்குப் போனோம். எதிர்ப்பக்கம் மச்சான், தோளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, டிராக்டர்மேல் உட்கார்ந்திருந்தான்.

முன்சக்கரங்கள் ஏறின, இறங்கின. சீட்டுக்கு அடியில் போன மழையில் கேட்ட அந்தக் கரகரப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு மூச்சை அடக்கினேன். பின்பக்கம் மெத்தென்று அமுங்கி, நிமிர்ந்தது. சத்தமே இல்லை.

“தாண்டிட்டுதுங்க!” என்று மனைவி என் தோளில் ஓங்கி அடித்தாள்.

மச்சான் கயிற்றை டிராக்டரில் போட்டான். “எத்தினி பட்டை மாமா போட்ட?”

நான் அதற்குள் வண்டியைத் திருப்பினேன்.

“இன்னாங்க, எதையாவது உட்டுட்டு வந்துட்டமா?”

“இல்ல. இன்னொரு தபா தாண்டலாம்.”