இரண்டு பங்குக்கு ஒரு வாடைச் சுவர்

1. கூப்பிட்டவர்கள்

ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு பேர் தனித்தனியாக என்னை வேலைக்குக் கூப்பிட்டது, என் தொழிலில் அந்த ஒரு முறைதான். கூப்பிட்டவர்கள் அண்ணன் தம்பி. அண்ணன் தம்பியைக் கேட்டுக் கூப்பிடவில்லை. தம்பியும் அண்ணனைக் கேட்டுக் கூப்பிடவில்லை.

எழுபதுகளின் பிற்பாதி அது. கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூர் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்ப் பூச்சு வேலையும் தகர வேலையும் செய்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரர் தப்பாக ஒன்றைக் கேட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதனால் போன வேலைகளும் உண்டு.

வீடு நீளமான மண் சுவர் வீடு, மேலே நாட்டு ஓடு. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் நெல் வயல், தடுப்புக்கு ஒரு மரம் கிடையாது. எங்கள் பக்கம் ஐப்பசி மழை நேராகப் பெய்யாது, வாடைக்காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அடிக்கும். மண் சுவர் அதைத் தாங்காது. அதனால் புரட்டாசி பிறந்ததும் தென்னங்கீற்றை முடைந்து, மூங்கில் நட்டு, சுவருக்கு ஒரு சாண் தள்ளித் தட்டி கட்டிவிடுவது வழக்கம். இவர்களுடைய அப்பா இருந்தவரைக்கும் அந்த வீட்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே தட்டியாகக் கட்டுவார்.

அவர் போனபிறகு வீட்டைப் பங்கு பிரித்தார்கள். மேற்குப் பாதி அண்ணன் ஆறுமுகத்துக்கு, கிழக்குப் பாதி தம்பி கலியபெருமாளுக்கு. ஊர்க்காரர்கள் நூல் பிடித்து வீட்டுக்குக் குறுக்கே கோடு போட்டார்கள். கோடு நடு அறைக்கு நட்டநடுவில் போனது. அந்த அறையை அங்கே 'நடு உள்' என்பார்கள். அதில் இருந்தவள் அவர்களுடைய தங்கச்சி அஞ்சலை. மடுகரையில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்ததும் திரும்பி வந்துவிட்டாள். அவள் உயிரோடு இருக்கும்வரை நடு உள்ளில் இருக்கட்டும், அப்புறம் கோட்டின்படி ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

அண்ணனும் தம்பியும் பங்கு பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒரு வரப்புத் தகராறு, வேறொன்றுமில்லை. ஆனால் தங்கச்சிமேல் இரண்டு பேருக்கும் உயிர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

2. எது நல்லது

ஆறுமுகம் என்னை மேற்கு வாசலில் நிறுத்திப் பேசினார். கரும்பு, நெல் என்று நல்ல விவசாயம் அவருக்கு.

"மேஸ்திரி, என் பாதிக்கு முழுசா சிமெண்டு பூசிடு. கீத்து கட்டறதெல்லாம் எங்கப்பன் காலத்தோட போவட்டும். ரோட்டுல போறவன் பாத்தா மாடி மெத்தை வூடு மாதிரி இருக்கணும்."

"அண்ணே, மண் சுவத்துல சிமெண்டு ஒட்டாதுண்ணே. ஒட்டினாலும் உள்ள தண்ணி பூந்துச்சின்னா வெளிய வர வழியில்ல. சுண்ணாம்பு பூசி அதுக்கு மேல தட்டி கட்டிக்கலாம்."

"ஒனக்கு பூச வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லு."

வரும் என்றேன். சுவரைக் கொத்திவிட்டு, கம்பி வலை அடித்து, அதன்மேல் பூசினால் சில வருஷம் நிற்கும். ஓரம் ஒழுங்காக மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே பேசி முடித்து சைக்கிளை எடுத்தால், கிழக்கு வாசலிலிருந்து கலியபெருமாள் கையைத் தட்டிக் கூப்பிட்டார். புதுச்சேரியில் மில் வேலை அவருக்கு. மில் கொட்டகைக்கு வெளிச்சுவராகத் தகர ஷீட் அடித்திருப்பதைத் தினமும் பார்க்கிறவர், தன் பாதிக்கும் அதுவே வேண்டும் என்றார்.

"இன்னா மேஸ்திரி, அண்ணன் சிமெண்டுன்னு சொன்னாரா? சொல்லட்டும், சொல்லட்டும். தகரம் அடிச்சா ஒரு சொட்டு உள்ள எறங்காது."

தகரத்தில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சுவரில் குறுக்கே ரீப்பர் கட்டை அடித்து, அதன்மேல் ஷீட் வைத்தால் பின்னால் காற்று ஓடும், மண்ணும் காயும். தனியாகப் பார்த்தால் அதுவும் சரி. சிமெண்டும் சமாளிக்கும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் பிரச்சினை. அது அஞ்சலையின் சுவருக்கு நடுவில் வந்தது.

3. ஒரு முழம்

சைடு ஷீட் அடிக்கிறவர்களுக்குத் தெரியும். ஷீட்டின் ஓரம் சும்மா முடியக் கூடாது, பக்கத்துச் சுவர்மேல் ஒரு முழமாவது ஏறிப் படியவேண்டும். அதற்கு ஓவர்லாப் என்று பெயர். அது இல்லாவிட்டால் காற்று மழையை அந்த இடுக்கில் கொண்டுபோய்ச் சொருகும்.

பூச்சு வேலை முடிந்து தகரத்துக்கு வந்தபோது ஆறுமுகத்திடம் போய்க் கேட்டேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் பூச்சு மேல அவன் தகரமா? இன்னிக்கி ஒரு முழம் ஏறும். நாளைக்கி அந்த எடமே என் அனுபவத்துல இருக்குதும்பான். ஒரு விரக்கடை ஏறக் கூடாது."

சரி, உங்கள் பூச்சையாவது தகரத்துக்குப் பின்னால் ஒரு முழம் நீட்டுகிறேன் என்றேன். அதற்குத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அவுரு சிமெண்டு என் சுவத்துல வந்தா அது யாரு சுவருன்னு ஆவும்?" என்று கேட்டார். நடுவில் மட்டும் ஒரு கீற்றுத் தட்டி கட்டலாம் என்றேன். மூங்கிலை யார் மண்ணில் நடுவது என்று அதிலும் வழக்கு வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாடா ஜனம் இது, மழைக்குக் கோடு தெரியுமா?" என்று சத்தமாகவே சொன்னேன். இரண்டு பக்கமும் காதில் விழுந்திருக்கும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் பூச்சு முடிந்தது, அந்தப் பக்கம் தகரம் முடிந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மண் சுவர் மேலிருந்து கீழ்வரை அப்படியே தெரிந்தது.

4. அஞ்சலை கட்டிய தட்டி

அஞ்சலை கீற்று முடைந்து விற்பவள். மட்டையை ஊறவைத்துக் குந்தி உட்கார்ந்தால் கை அது பாட்டுக்கு ஓடும். ஊரில் பாதிக் கூரைக்கு அவள் முடைந்த கீற்றுதான்.

நான் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மேஸ்திரி அண்ணே, எங் கட்டில் அந்தச் சந்துக்கு நேராத்தான் இருக்குது."

"நவுத்திப் போட்டுக்க தங்கச்சி."

"எங்க நவுத்தறது? இந்தாண்ட நவுத்துனா பெரியவரு பங்கு, அந்தாண்ட நவுத்துனா சின்னவரு பங்கு. பொண்டாட்டிங்க பாத்துகினு இருக்காங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அவளே நாலு கீற்றைச் சேர்த்துக் கட்டி, அந்தச் சந்தை மறைத்துத் தொங்கவிட்டிருந்தாள். மூங்கில் நடாமல் இரண்டு ஆணியில் மாட்டியிருந்தாள். ஒரு ஆணி தகர ரீப்பரில், இன்னொன்று பூச்சில். அழகான வேலை. மழைக்குப் போதும்.

வயலிலிருந்து வந்த ஆறுமுகம் அதைப் பார்த்தார். "எவன்டா எம் பூச்சுல ஆணி அடிச்சது?" என்று அதைப் பிடித்து இழுத்தார்.

நான் ஏணியிலிருந்து கத்தினேன். "அண்ணே, வுடுண்ணே! அது ஒன் தங்கச்சி கட்டுனது!"

"அவ கட்டுனா? அவளுக்கு இன்னா தெரியும்? அவன் சொல்லிக் குடுத்துக் கட்டியிருப்பான்." கீற்று கிழிந்து வயல் பக்கம் போய் விழுந்தது. அந்த நேரத்தில் தம்பி மில்லில் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அஞ்சலை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். "வுடுங்கண்ணே. சின்னவரு வந்தா கேப்பாரு, அப்பறம் வெட்டு குத்துன்னு ஆவும். கெடக்குது" என்றாள். பிறகு போய் அந்தக் கீற்றை எடுத்து, கிழிந்த மட்டைகளை உருவிப் போட்டுவிட்டு, மிச்சத்தை விற்கிற கட்டோடு சேர்த்துவைத்தாள்.

5. ஐப்பசி

மழை அந்த வருஷம் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தேன். ஒரு மத்தியானம் ஆள் வந்து சொன்னது, நடு உள் சுவர் விழுந்துவிட்டது என்று.

நான் போனபோது அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் நின்று. தண்ணீர் சந்து வழியாக இறங்கி, சிமெண்டுக்குப் பின்னால் இருந்த மண்ணைக் கூழாக்கியிருந்தது. பூச்சு பலகை மாதிரி அப்படியே உள்பக்கம் சாய்ந்திருந்தது. கட்டில் அதன் அடியில், மழைக்கு முடங்கிப் படுத்திருந்த அஞ்சலையோடு.

காலையிலேயே அவளை அண்ணன் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், இங்கே வந்து படு என்று. போனால் சின்னவர் கோபித்துக்கொள்வார் என்றாளாம். தம்பி வீட்டிலும் கூப்பிட்டார்கள். பெரியவர் கோபித்துக்கொள்வார் என்றாளாம்.

எடுத்துக் கிடத்தினோம். உயிர் இல்லை. தலைமுடி முழுக்க மண். நான் அழுதேன், சொல்ல வெட்கம் என்ன. இரண்டு பேரும் அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் ஆறுமுகம் என் கையைப் பிடித்தார்.

"மேஸ்திரி, நீயே சொல்லு. அவன் தகரத்துத் தண்ணிதான எறங்கிச்சி?"

"அவுரு சிமெண்டு ஊதிகினு வுழுந்துது மேஸ்திரி, பாக்கறீங்க இல்ல?" என்றார் தம்பி.

"அடப் பாவிங்களா! பொணத்த வச்சிகினு பங்கு பிரிக்கறீங்களா?" என்று கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மழையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே திரும்பிப் போக எனக்கு மனசு வரவில்லை.

6. அப்புறம்

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஆறுமுகம் என் வீடு தேடி வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். "அந்த நடு உள்ள அவனே எடுத்துக்கட்டும். நீ போய் சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன். கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு, "வாணாம் மேஸ்திரி, அண்ணனே வச்சிக்கட்டும்" என்றார். ஒரு விரக்கடை விடாதவர்கள், முழு அறையையும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். கடைசிவரை இரண்டு பேரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு புதுச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள், இடையில் அந்த இடம் கூரை இல்லாமல் கிடந்தது. சுவர் எழுப்ப என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெளிச்சுவருக்கு என்ன போடலாம் என்று வீட்டுக்காரர் கேட்டால் உடனே டேப்பை எடுத்து அளக்காதே. அந்தச் சுவருக்கு உள்பக்கம் யார் படுக்கிறார்கள் என்று கேள். அவர்களை வரச்சொல்லி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேள். சிமெண்டா தகரமா என்று அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் பேசினார்கள். அஞ்சலையை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கீற்று என்று சொல்லியிருப்பாள். முழுச் சுவருக்கும் அவளே முடைந்து கொடுத்திருப்பாள்.