வெனிஸ் புத்தகத்தில் சனி

என் மனைவி யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருந்தவள். இங்கே சிட்னியில் மருந்தாளராகப் பதிவு பெறுவதற்கான பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறிய பிறகு, கிரவீன் புறநகரில் எங்கள் வீடு அமைதியாகிவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். மருந்துச் சீட்டுகளில் பார்த்துப் பழகிய லத்தீனை முழுதாகக் கற்கலாம் என்று முன்பே ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதை மட்டும் விடவில்லை.

அந்த வகுப்பை ஒரு சனிக்கிழமை சிட்னி நகரத்து நூலகம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். மதுரைக்காரனான எனக்கு லத்தீனில் ஓர் எழுத்தும் தெரியாது.

நூலகர் பஞ்சு மெத்தை போன்ற ஒன்றின் மேல் புத்தகத்தை வைத்துத் திறந்தார். ரோமப் பேரரசின் கடைசிக் காலத்து மெய்யியலாளர் ஒருவர் எழுதியது. ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன் வெனிஸில் அச்சானது. தாள் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும் என்றார். நம் பழைய பதிப்புகளில் மூலமும் உரையும் இருப்பதுபோல, முதலில் ஒரு கனவைப் பற்றிய சிறு பகுதி, அதைத் தொடர்ந்து பக்கம் பக்கமாக விளக்கம்.

ஆசிரியை ஆளுக்கு ஒரு வாக்கியம் படிக்கக் கொடுத்தார். என் மனைவி விரலைத் தாளில் படாமல் நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். திடீரென்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்ச பாருங்கோ. உயிர் வானத்திலயிருந்து பூமிக்கு இறங்கி வரேக்க ஒவ்வொரு கிரகமும் ஒண்டு குடுத்து விடுமாம். சனி என்ன குடுக்குதெண்டு தெரியுமோ? யோசிக்கிற புத்தி."

"சனியா?"

"ஓம். சனிதான்."

அவளுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, அதனால்தான் பரீட்சை சரிவரவில்லை என்று அவளுடைய அம்மா வாரந்தோறும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. ஆசிரியை திரும்பிப் பார்த்தார். எனக்கோ அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றுதான் தோன்றியது.

எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பெண்டில் ஹில் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியதுமே அம்மாவை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா விசாரித்தார்.

"அந்த மனுசன் எந்த ஊர்?"

"ரோம், அம்மா."

"அங்கத்தைச் சனி நல்ல சனியாக்கும். நீ எதுக்கும் எள்ளெண்ணெய் எரி." பிறகு, குரலைத் தாழ்த்தி, "சுக்கிரன் என்ன குடுக்குமாம்?"

"ஆசை."

"அது சரியாத்தான் எழுதியிருக்கிறார்" என்றார் அம்மா.

அடுத்த வாரமே பரீட்சைக்கு மறுபடி விண்ணப்பித்தாள். தேர்ச்சி பெற்று, செவன் ஹில்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர இன்னும் ஒரு வருடம் பிடித்தது.