மாசாணியக்காவின் ரிஜிஸ்டர்

எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் மாசாணியம்மாளுக்குத் தெரியாமல் தூசிகூட நுழைய முடியாது. செருப்பு வெளியே. வாசலில் ரிஜிஸ்டர். பேர், நம்பர், மணி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே. காரமடையிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் வந்து, பதினொரு வருஷமாகத் தினக்கூலி அட்டெண்டர். 1998 ஆகஸ்டில் அவரை நிரந்தரமாக்கும் பைல் பிரின்சிபால் மேஜைக்கு வந்திருந்தது.

அதே மாதம்தான் மாணவர் சங்கத் தேர்தலைக் கம்ப்யூட்டரில் நடத்தினோம். புரோகிராம் எழுதியவன் நான். சத்தியமங்கலம் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. லேபில் மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்து பட்டனைத் தட்டினால், ஓட்டு கேபிள் வழியே துறைத் தலைவர் அறைக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பேரும் பதியாது, நம்பரும் பதியாது. சந்தேகமே வரக் கூடாதென்று ஓட்டுப் பைலை வேட்பாளர்களுக்கு ஆளுக்கொரு பிளாப்பியில் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை தேர்தல். கிரிதரன் ஆறு ஓட்டில் தோற்றான். திங்கட்கிழமை கேன்டீனில் என் தோளில் கை போட்டான்.

"பேரில்லைன்னா என்னப்பா? ஓட்டு விழுந்த வரிசை பிளாப்பில இருக்குது. ஆளு போன வரிசை லேப் ரிஜிஸ்டர்ல இருக்குது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாப் போச்சு. ரிஜிஸ்டர் கேட்டு பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுத்தாச்சு."

என் ரூம்மேட் பிரான்சிஸ் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் அப்பாவுக்கு வேலை சிங்காநல்லூரில், கிரிதரன் வீட்டு மில்லில். பிரான்சிஸ் கிரிதரனுக்கு ஓட்டுப் போடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

லேபுக்கு ஓடினேன்.

"ஏனுங்க்கா, ரிஜிஸ்டர் எங்கீங்க?"

மாசாணியக்கா முகம் வெளிறிவிட்டது. "ஆராச்சும் கேட்டாங்களா கண்ணு? தப்புப் பண்ணிப்போட்டேன்."

"என்னங்க்கா?"

"அன்னைக்கு ஒரே தள்ளுமுள்ளு. கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம், போங்கன்னு உள்ள உட்டுப்போட்டேன். மத்தியானத்துக்கு மேல கேன்டீன், மரத்தடி, பஸ் ஸ்டாப்புன்னு ஆளாளாத் தேடிப் போயி வாங்குனேன். மணிய நானே குத்துமதிப்பா எழுதிப்போட்டேன். மூணு நாளாத் தூக்கமில்ல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரி சிரி. எம்பட வேலை போகுது, உனக்கு இளிப்பு!"

வரிசை விஷயத்தையும் பிரான்சிஸ் அப்பாவின் மில் வேலையையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுபோனது. ரிஜிஸ்டர் தப்பென்று கிரிதரனுக்குத் தெரியாதே. அவன் பொருத்திப் பார்ப்பான். யார் ஓட்டோ யார் தலையிலோ விழும்.

அக்கா துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தார். "ரெண்டு வருசத்துக்கு முன்னால பஞ்சாயத்து எலெக்சன். எங்க தெருவே எதிராப் போட்டுருச்சுன்னு எலெக்சன்ல நின்ன தோட்டத்துக்காரங்க அவங்களா ஒரு கணக்குப் போட்டு, ஒரு மாசம் ஒருத்தரையும் களை எடுக்கக் கூப்புடல. நானு அவங்களுக்குத்தான் போட்டிருந்தேன்!"

துணியை உதறிக் காயப்போட்டார். "ரிஜிஸ்டர் பொய்யின்னு ஆராச்சும் சொல்லோணுமில்ல?"

"சொன்னா உங்க பைலுங்க்கா…"

"நீ எழுது. நானு கையெழுத்துப் போடறேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பைலில் வரிசை தெரியும்படி விட்டது என் தப்பென்று கீழே எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.

பிரின்சிபால் அறையில் கிரிதரன் ஏற்கெனவே நின்றிருந்தான். அக்கா பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ரிஜிஸ்டரோடு உள்ளே போனார். பிரின்சிபால் கடிதத்தைப் படித்தார்.

"எத்தனை பேருக்கு வரிசை மாறியிருக்கு?"

"எல்லாருக்குமேங்க. அந்த ரிஜிஸ்டர வெச்சு ஆரு எப்பப் போனாங்கன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாதுங்க."

"பொய் சார்!" என்றான் கிரிதரன்.

"அன்னைக்குச் சாயங்காலம் நீயே பஸ் ஸ்டாப்புல நின்னுட்டுத்தானே கண்ணு கையெழுத்துப் போட்ட? காலைல பத்தரைன்னு இருக்குது பாரு."

அவன் குனிந்து அந்த வரியைப் பார்த்தான். பிரின்சிபால் ரிஜிஸ்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை அக்காவுக்கும் எனக்கும் மெமோ வந்தது. அக்காவின் பைல் ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இங்கிலீஷில் இருந்த மெமோவை நான்தான் தமிழில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பிரான்சிசோட அப்பன் ஷிப்டுக்குப் போறாராமா?"

"போறாருங்க்கா. இன்னைக்கும் போயிருக்காரு."

"செரி, செருப்ப வெளிய உட்டுட்டு வா" என்று லேபைத் திறந்தார்.