பாக்ஸுக்குள் வைத்த அப்பம்

நான் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்காரி என்றதும் கல்லூரியில் எல்லோரும் கேட்பது அங்குள்ள பழைய பங்களாவின் பேயைப் பற்றித்தான். அந்தப் பேயை நான் பார்த்ததில்லை. அதைவிட அதிகம் பயந்த ஒன்றை, நாலாம் வகுப்பில், ஒரு பகல் முழுக்க ஜாமெட்ரி பாக்ஸுக்குள் மூடி வைத்திருந்தேன்.

அன்று எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது, நற்கருணை அப்பம் இயேசுவின் உடல், மீறி வாங்கினால் அதிலிருந்து ரத்தம் வரும் என்று மறைக்கல்வி டீச்சர் சொல்லியிருந்தார். வெள்ளைக் கவுனும் பூமுடியுமாய் அடுக்களையில் நின்று, விருந்துக்கு அவித்த முட்டையில் ஒன்றை முழுங்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். பசிகூட இல்லை. சும்மா, என்னதான் ஆகும் பார்க்கலாம் என்று.

பாதிரியார் தாள்போன்ற அந்த வெள்ளை அப்பத்தை நாக்கில் வைத்ததும் துணிச்சல் போய்விட்டது. விழுங்க முடியவில்லை. முகத்தை மூடி ஜெபிப்பதுபோல் கைக்குட்டைக்குள் எடுத்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். நான் அப்பத்தை ஒளித்து வைத்த பாக்ஸ் இருந்த அலமாரியிலிருந்து, யாரோ நகத்தால் தகரத்தைக் கீறுவதுபோல ஒரு சத்தம். அம்மாவுக்குக் கேட்கவில்லை. நான் சாப்பிடாமல் இருந்ததைப் பக்தி என்று அத்தை மெச்சினாள். மூன்று மணிக்குத் திறந்து பார்த்தேன். அப்பத்தின்மேல் சிவப்பாக ஒரு பொட்டு.

பாக்ஸில் சிவப்பு ரீஃபில் ஒன்றும் கிடந்தது. அது ஒழுகியதா என்று பார்க்கத் தோன்றவில்லை. இன்றுவரை அதுதான் என் வருத்தம்.

சித்தப்பாவிடம் ஓடினேன். குருமடத்தில் பாதிரியாருக்குப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு முன் பிறந்த அக்கா ஏழாம் நாள் இறந்தபோது ஊருக்கு வந்து, கோயிலில் இயேசு சுரூபத்தின்மேல் கல்லெறிந்தவர், திரும்பிப் போகவே இல்லை. சுரூபத்துக்கு இன்றும் ஒரு விரல் கிடையாது. எந்தத் திருவிழாவானாலும் கோயிலுக்கு வெளியே தேயிலைச் சரிவில்தான் நிற்பார். குற்றவாளிக்குக் குற்றவாளிதானே துணை.

மூடுபனி இறங்கியிருந்தது. பீடி நெருப்பை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

"சித்தப்பா, இயேசப்பா செத்துட்டாரு. நான்தான்."

கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். முட்டையையும் சொன்னேன்.

"ஒரு முட்டைக்கெல்லாம் சாகமாட்டாருடி மோளே. நான் கல்லாலயே அடிச்சிருக்கேன், கேட்டியா."

"அப்போ கோவமா இருக்காரா?"

பனிக்குள் கோயில் இருந்த பக்கம் திரும்பினார்.

"நீங்களே தின்னுருங்க. உங்களுக்குத்தான் பேடியும் பயமும் இல்லையே."

பீடியை மிதித்து அணைத்தார். "எனக்கு ஃபாதர் தரமாட்டாருடி."

"நான் தர்றேன்ல?"

ஈரப் புல்லில் மண்டியிட்டார். கண்ணை மூடி, சோறூட்டக் காத்திருக்கும் பிள்ளைபோல வாயைத் திறந்தார். வைத்தேன். பனி இன்னும் கெட்டியாக வந்து எங்களை மூடியது. கையெட்டும் தூரத்தில் இருந்தவர் காணாமல் போனார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று என்னுடையது. ஒன்று விம்மிக்கொண்டிருந்த அவருடையது. மூன்றாவதாக ஒன்று, எங்கள் இருவருக்கும் நடுவில், அவசரமே இல்லாமல், தூங்கும் குழந்தையின் பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவதுபோல.

பனி விலகியபோது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனோம். என் முட்டைக் கதை ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சித்தப்பா அரை மணி நேரம் எழுந்து வரவில்லை. பூசை தாமதமானதற்கு அன்று ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்று நன்மை வாங்கினார். அம்மா அழுதாள்.

எனக்கோ அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் தண்டனையை அவர் தலையில் கட்டிவிட்டேனே. ஒரு மாதம், தினமும் காலையில் அவர் பல் துலக்கித் துப்பும்போது பக்கத்தில் நின்று, ரத்தம் வருகிறதா என்று பார்த்தேன்.

"என்னடி பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

வெறும் நுரைதான். எங்கள் இரண்டு பேருக்கும் வரவேண்டிய தண்டனை எங்கே போயிற்று என்பதுதான் அப்போது எனக்குப் புரியவில்லை.