சிவப்பாய்த் தெரியும் யன்னல்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு பாகைக் குளிர். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தேவி அக்கா யன்னலைத் திறந்து, விசிறியும் போட்டுத்தான் சமைப்பா. ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். முழுக் கட்டடத்துக்கும் சூடு அனுப்பும் பேஸ்மென்ட் பொயிலர் வீட்டு ஓனரின் கையில். எங்கள் ஹீட்டர்களில் கூட்டிக் குறைக்க ஒரு திருகு கிடையாது. மேலே அக்கா வேகிறா, கீழ் மாடியில் நான் விறைக்கிறேன்.

நகரசபைத் திட்டமிடல் பிரிவில் எனக்குத் தற்காலிக வேலை. பழைய கட்டடங்களின் ஹீட்டர்களை மாற்றி, பொதுக் குழாய் வழியாகச் சூடு கொண்டுவரும் திட்டம். வானிலிருந்து எடுத்த வெப்பப் படத்தில் எங்கள் கட்டடம் முழுச் சிவப்பு, அவ்வளவு சூடு வெளியே வீணாகிறது. "படம் போதாது, வீட்டுக்குள்ளே வந்து பாருங்கோ" என்று திட்ட அதிகாரி கிளேரை நானேதான் இழுத்துக்கொண்டு போனேன்.

போனால் யன்னல் பூட்டிக் கிடந்தது. வியர்வை வழிய வழிய அக்கா பிளேன்டீ நீட்டினா. சூடு எப்படி என்று கிளேர் பிரெஞ்சில் கேட்டா.

"திறே பியன், மெர்சி. நல்லாயிருக்கு, ஒரு குறையும் இல்லை" என்றா அக்கா.

கிளேர் படிவத்தில் 'திருப்தி' என்று குறித்தா. அவ்வளவுதான், ஹீட்டர் மாற்றும் பட்டியலின் கடைசிக்கு எங்கள் கட்டடம் போய்விடும். கோப்பை கழுவக் குசினிக்குள் போன அக்காவின் பின்னால் பாய்ந்தேன்.

"ஏனக்கா பொய் சொல்லுறியள்?"

"மெதுவாக் கதையடி. முன் கட்டடத்தில ஹீட்டர் மாத்திறம் எண்டுதானே எல்லாரையும் வீட்டை விட்டு எழுப்பினவங்கள். ஆரும் திரும்பி வந்தவையே? நீ படிச்சனி, வேற இடம் பிடிப்பாய். நான் எங்கயடி போறது?"

யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரர் வீட்டு ஆக்களைக் கொப்பியில் பதிய வரும்போது அம்மாவும் இதே சிரிப்போடுதான் நிற்பா. உள்ளே அப்பா காய்ச்சலில் கிடப்பார். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பா. கொப்பியோடு வருபவர்களிடம் குறை சொன்னால், அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டே திரும்ப வருவார்கள் என்ற பயம். இன்றைக்குக் கொப்பியைக் கூட்டிவந்தது நான்.

தெருவுக்கு வந்ததும் கிளேர் கேட்டா: "படம் சிவப்பு. அவ திருப்தி என்கிறா. எதை நம்ப?"

உண்மையைச் சொன்னால் அக்காவின் வீடு போகலாம். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை தை மாதம் இப்படி வேகுவா?

"வேலை முடிய அதே ஆக்கள் அதே வீட்டுக்குத் திரும்பலாம் என்று திட்டத்தில் எழுதுவீங்களா?"

"அது வீடமைப்பு. இது சூட்டுத் திட்டம்."

"அவவுக்கு இரண்டும் ஒன்றுதான்."

கிளேர் 'திருப்தி'யை வெட்டினா. அந்த இடத்தில் வேறொன்றும் எழுதவில்லை.

அப்போதுதான் மேலே யன்னல் திறந்தது. வெள்ளை ஆவி குபுகுபுவென்று வெளியே வந்தது. தலையை நீட்டிய அக்கா எங்களை, என்னையும்தான், கண்டதும் படாரென்று சாத்தினா.

கழுத்தில் நகரசபை அட்டை, ஜக்கெட் பைக்குள் அதே கட்டடத்தின் வாசல் கதவைத் திறக்கிற திறப்பு. எதை நம்ப என்று கேட்ட கிளேர் இன்னும் என் பதிலுக்குக் காத்திருந்தா. நான் பனிக்குள் நின்று, பூட்டிய யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.