பதுளையில் தைத்த கடல் உடுப்பு

குட்டையாகவும் குண்டாகவும் இருக்கிற பெண்ணுக்கென்று இந்த உலகத்தில் யாரும் எதையும் அளவாகத் தைப்பதில்லை. இதை நான் அழுதுகொண்டு சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். சுற்றளவு சரியாக இருந்தால் கை நீளம் முழங்காலைத் தொடும். நீளம் சரியாக இருந்தால் ஒரு கைகூட உள்ளே போகாது. எழுபதுகளின் கடைசியில், மலையில், தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் டீச்சராக இருந்தேன். பதுளை பஸ்ஸில் நான் கால் வைத்ததுமே கண்டக்டர், "டீச்சர் ஏறிட்டாங்க, டயரப் பாத்து ஓட்டுங்க அண்ணே!" என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பான். பஸ்ஸே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். இறங்கின பிறகு வயிறு எரியும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கடலுக்கடியில் போய்ப் பார்க்கிற ஆசை வந்தது. என் தம்பி திருகோணமலையில் படகோட்டியாக இருந்தான். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன் பார்க்க முங்குகிற வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போவது அவன் வேலை. ஓர் ஆகஸ்ட் லீவுக்கு நான் அங்கே போயிருந்தபோது, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வெள்ளைக்காரம்மா என்னையும் தண்ணீருக்குள் கூப்பிட்டார். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து குழாய் வழியாக மூச்சு விடப் பழகினேன். சின்ன வயதிலிருந்து, மலையிலிருந்து குழாய் வழியாகக் கொட்டுகிற பீலித் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்து வளர்ந்தவள் நான், எனக்கென்ன பயம்?

வம்பு ரப்பர் உடுப்பில் வந்தது. அங்கே இருந்ததெல்லாம் நெட்டை ஆம்பிளைகளுக்குச் செய்தவை. ஒன்று தொடையோடு நின்றுவிட்டது. இன்னொன்று உடம்பில் ஏறியது, ஆனால் அதன் கால்கள் என் பாதத்தைத் தாண்டி மணலில் இழுபட்டன. உடுப்பு தோலோடு ஒட்டியிருந்தால்தான் உள்ளே புகுகிற கொஞ்சத் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி நிற்குமாம். தொளதொளத்தால் குளிர் எடுத்துவிடுமாம். அளவான உடுப்பு இல்லாமல் ஆழத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று அந்தம்மா கையை விரித்துவிட்டார். மற்றவர்கள் முங்கப் போனார்கள். நான் படகில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடலே கொதித்திருக்க வேண்டும்.

அடுத்த ஆகஸ்டோடு அந்தம்மா தன் ஊருக்கே திரும்பிப் போகிறார் என்று தம்பி சொன்னான். அப்படியானால் எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு ஆகஸ்ட்தான். தோளில் கிழிந்துபோன பெரிய உடுப்பொன்றை அந்தம்மாவிடம் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

பதுளைக் கடைவீதியில் பிள்ளைகளுக்குப் பாடசாலை வெள்ளைச் சட்டை தைப்பதில் பேர்போன முஸ்லிம் டெய்லர் ஒருவர் இருந்தார், அண்ணன் முறை வைத்து எல்லோரும் அவரை நானா என்போம். உடுப்பை அவர் மேசையில் விரித்தேன்.

"என்ன டீச்சர் இது? உடுப்பா, லொறி டியூப்பா?"

"கடலுக்குள்ள போட்டுக்கிறது நானா. கால வெட்டி, வெட்டின துண்ட ரெண்டு பக்கமும் இடுப்புல வச்சுத் தைக்கணும். இறுக்கமா இருக்கணும்."

"ஆசை இருக்கு தாசில் பண்ண" என்று பழமொழியை ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். அளவெடுக்க அவர் மனைவி என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். நானா பக்கத்துச் சைக்கிள் கடையில் பஞ்சர் பசை வாங்கி, தோள் கிழிசலையும் சேர்த்து ஒட்டி, அதன்மேல் தடித்த நூலால் தைத்து, சொன்ன நாளில் கையில் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பீலியில் வெள்ளோட்டம் விட்டேன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் துணி துவைப்பதை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பீலிக்கு அடியில் போய் நின்றேன். கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அம்மாடி! உடுப்பு ஊதிப்போய், ஓர் அடி எடுத்துவைக்க முடியாமல் நின்றேன். இரண்டு பெண்கள் வந்து என் வயிற்றை அமுக்கினார்கள். கணுக்கால் வழியாகத் தண்ணீர் பீச்சியடித்தது. "டீச்சரம்மாவே ஒரு பீலியாப் போனாங்கடி!" என்று ஒருத்தி கத்த, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது, ஆனால் சிரிப்பும் வந்து தொலைத்தது.

நேரே நானாவிடம் போய் நின்றேன். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "எல்லாருக்கும் ரெண்டு விரல் விட்டுத்தானே தைக்கிறது டீச்சர்."

"அது வளர்ற புள்ளைகளுக்கு நானா! எனக்கு நாப்பது வயசாகப் போகுது!"

"நீங்க இன்னும் வளர மாட்டீங்கன்டு யார் கண்டது?" என்று சிரித்தவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொம்பளைக்கு அப்பிடி ஒட்டத் தைக்க என்ட கைக்கு ஏலாது டீச்சர். பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"கடலுக்குள்ள பாக்கப் போறது மீனுங்கதானே, நானா."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "மீனுக்கு என்னத்துக்கு வெக்கம்? சும்மா தச்சிக் குடுங்க!"

அந்த இரண்டு விரலையும் அவர் பிரித்து எடுத்தார். இந்தத் தடவை போடுவதற்கு அரை டப்பா முகப்பவுடரும் நானாவின் மனைவியுடைய முழுப் பலமும் தேவைப்பட்டது. போட்ட பிறகு கையைத் தூக்கினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்று வெட்கமில்லாமல் என்னையே ரசித்தேன்.

ஆகஸ்ட் வந்தது. படகில் ஈயக்கட்டிகள் கோத்த பட்டியைத் தம்பி என்னிடம் நீட்டினான். முங்குகிறவர்கள் மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டுவது அது. மற்றவர்களுடைய பட்டியில் கட்டிகள் வரிசையாக இருந்தன. என்னுடையதில் பேருக்கு இரண்டு.

"என்னடா இது?"

"அக்காவுக்கு எதுக்கு ஈயம்? நீ குதிச்சாலே நேரா அடிக்குத்தான் போவ."

முன்னால் குனிந்து, கொழுந்து பறிக்கப் போகிற எங்கள் பெண்கள் சேலை நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்குகிற மாதிரி, மூச்சை வெளியே விட்டுப் பட்டியை ஒரே இழுப்பாக இறுக்கிக்கொண்டு குதித்தேன்.

நான் அடிக்குப் போகவே இல்லை. தக்கை மாதிரி மேலேயே மிதந்தேன். காலை உதைத்தால் தலை உள்ளே போனது, பின்புறம் மேலே வந்தது. படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உடுப்புதான் சரியில்லை போலிருக்கிறது, மறுபடியும் செருப்புக் காவல்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரம்மா நீந்தி வந்து என் கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு எல்லா இடத்திலும் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்து இங்கிலீசில் வேகமாக ஏதோ சொன்னார். காதில் தண்ணீர் அடைத்திருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் சுண்டிப்போனது.

"என்னடா சொல்றாங்க?"

"உடுப்பு ஒனக்கு அச்சா அளவா இருக்காம்."

"அப்புறம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "பாரந்தான்... பத்தலையாம்."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான் அக்கா."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

"அக்காவுக்குப் பாரம் பத்தல! இன்னும் ஈயம் வேணுமாம்!" என்று அவன் கத்தினது கரைக்கே கேட்டிருக்கும்.

படகிலிருந்து கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையாலேயே கோத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் இறங்கினேன். மஞ்சள் மீன்கள் என்னைச் சுற்றிப் போயின, ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கால்வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, இருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

லீவு முடிந்து பதுளை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் வழக்கம்போலக் குரல் கொடுத்தான். "டீச்சர் ஏறிட்டாங்க, டயரப் பாத்து ஓட்டுங்க அண்ணே!"

"கரையிலதான்ப்பா நான் பாரம்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.